பெஞ்சில் மூன்றாவது இடம்

பேராயர் கையிலிருந்த தாளைப் பார்த்து மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"பாவம் என்றால் என்ன?"

பெஞ்சில் மூன்றாவதாக இருந்த பையன் எழுந்து கைகட்டி நின்றான். ஆலயத்தை ஒட்டிய தறிக்கூடங்களின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில் சொன்னான்: "விசுவாசிகள் ஒன்றாகக் கூடுவது."

பேராயர் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த கேள்விக்குப் போனார். "சபை என்றால் என்ன?" நாலாவது பிள்ளை எழுந்து, "இயேசு கிறிஸ்து" என்றாள். அதை ஒரு விதத்தில் சரி என்று ஏற்றுக்கொள்ளலாம். "சபைக்குத் தலைவர் யார்?" என்றதும் ஐந்தாவது பையன் கொஞ்சமும் தயங்காமல், "நல்லவனைப் போல வேடம் போட்டு வருகிற பிசாசு" என்றான்.

பேராயருக்கு அடுத்த நாற்காலியில் சபைப் போதகர் தேவபிச்சை ஐயர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் முகம் கறுத்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். தூணோரம் நின்றிருந்த ஏசுவடியானுக்கு மட்டும் என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. ஒரு பிள்ளை வரவில்லை. மற்றவர்கள் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இது 1978இல், திடப்படுத்தல் ஆராதனை அன்று நடந்தது. வாலிபப் பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராகச் சேர்த்து, நற்கருணை வாங்கத் தகுதி கொடுக்கிற சடங்கு அது. அதற்கு முன்னால் பேராயர் பத்துப் பன்னிரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்பார். கேள்விகள் அச்சடித்து முன்பே வந்துவிடும். பிள்ளைகளைத் தயார் செய்கிற வாலிபர் வகுப்பு நெடுங்காலமாக ஏசுவடியான் கையில் இருந்தது. அவர் ஒரு முறை வைத்திருந்தார். பிள்ளைகளை உயரவரிசையில் பெஞ்சில் உட்கார வைப்பார். முதல் ஆளுக்கு முதல் கேள்வி, இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் கேள்வி. அவரவர் தன் பதிலை மட்டும் மூன்று மாதம் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். கேள்வி காதில் விழாவிட்டாலும் பாதகமில்லை, பக்கத்து ஆள் உட்கார்ந்ததும் எழுந்துவிடலாம். தறிச் சத்தத்துக்கு நடுவே இதுதான் நடக்கக்கூடிய முறை என்று அவர் நம்பினார். எந்த ஆண்டும் அது பிசகியதில்லை. எல்லாப் பதிலும் தெரிந்த ஒரு வகுப்பை அவர் உண்டாக்கியிருந்தார். எல்லாப் பதிலும் தெரிந்த ஒரு பிள்ளை மட்டும் அதில் கிடையாது.

பேராயர் நல்ல மனிதர். மீதிக் கேள்விகளைத் தானே பதிலோடு வாசித்து முடித்து, பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பிறகு காப்பி குடிக்கும்போது ஏசுவடியானிடம் கேட்டார்: "மூணாவதா இருக்க வேண்டிய பிள்ள யாரு?"

"தங்கபுஷ்பம்னு ஒரு பிள்ள, ஐயா."

"ஏன் வரல?"

ஏசுவடியான் வாயைத் திறந்தார். காரணம் அவருக்கே தெரியாது. பேராயர் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை, யாரோ வந்து வணக்கம் சொல்ல அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் அந்தக் கேள்வியை ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம். கேட்டவர் மறந்துபோகிற கேள்வி, கேட்கப்பட்டவருக்கு ஆயுசுக்கும் போதும்.

ஏசுவடியான் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கம்பவுண்டர். அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். மனைவி ரத்தினபாய் முதல் பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் தங்கவில்லை. அவர் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்யக் கூடாது என்று முடிவெடுத்தாரா, யாரும் பெரிதாக வற்புறுத்தாததால் அப்படியே விட்டுவிட்டாரா என்பது அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது. தறிக்கூடங்களுக்குப் பின்னால் ஒரே அறையுள்ள வீடு. ஓட்டலிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வரும். வீட்டில் அவர் பேசுவதற்கு ஆள் இல்லை. கிளினிக்கில் பகல் முழுக்க, "எங்கன வலிக்கி? எப்பலேர்ந்து?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே அவருக்குக் கிடைத்த பதில் எல்லாம் வலிதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வேறு. அவர் கேட்பார், பெஞ்சிலிருந்து பதில் வரும், ஒன்றன்பின் ஒன்றாக, தெளிவாக. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் திங்கட்கிழமையிலிருந்தே சட்டை துவைத்து வைப்பார் என்று கேலி செய்வார்கள். பிள்ளைகளுக்காகத்தான் அந்த வகுப்பை நடத்துவதாக அவர் நினைத்திருந்தார். அப்படி நினைத்துக்கொள்ளாமல் யாரும் எதையும் நெடுங்காலம் நடத்த முடியாது.

மறுநாள் சாயங்காலம் கிளினிக் முடிந்ததும் ரயில்வே கேட்டைத் தாண்டி தங்கபுஷ்பத்தின் வீட்டைத் தேடிப் போனார். அத்தனை வருஷத்தில் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீட்டுக்கு அவர் போனது அதுவே முதல் தடவை. தங்கபுஷ்பத்துக்குப் பதினெட்டு வயது. தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. அவள் அம்மா சாரோன் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பவுண்டர் சாரா? வாங்க, வாங்க. ஏட்டி, யாரு வந்திருக்காகன்னு பாரு."

உட்காரப் பலகை போட்டார்கள். தங்கபுஷ்பம் வந்து கதவோரம் நின்றாள். தலையில் பஞ்சுத் தூசி இன்னும் இருந்தது.

"காச்சலா?" என்றார் ஏசுவடியான். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இல்ல சார்."

"ஷிப்டு மாத்திட்டானா?"

"இல்ல சார். வரக் கூடாதுன்னுதான் வரல."

"ஏட்டி, சார்ட்ட இப்படியா பேசுவாக?" என்றாள் சாரோன். ஆனால் மகளைத் தடுக்கவில்லை.

தங்கபுஷ்பம் பெஞ்சில் கற்றுக்கொடுத்த அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்: "பாவம் என்றால் என்ன? கடவுளின் கட்டளையை அறிந்து மீறுவது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மூணு மாசமா இந்த வீட்ல இதச் சொல்லிச் சொல்லிப் படிச்சேன் சார். எங்கம்மா அடுப்படியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா. எங்கண்ணன் மீறுனானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. நான் எந்திரிச்சு நின்னு எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுதேன்."

அவள் அண்ணன் பொன்னுத்துரை அதற்கு முந்தைய வருஷம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். ஏசுவடியானுக்கு அது தெரியாத செய்தி அல்ல. அடக்கத்துக்கும் போயிருந்தார். அப்படிச் செத்தவர்களுக்கு அடக்க ஆராதனை வாசிப்பது சபையில் வழக்கமில்லை. ஐயர் வெளியே நின்று தாயைத் தேற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே குழி வெட்டினார்கள். எல்லாம் ஏசுவடியான் கண்முன் நடந்ததுதான். ஆனாலும் பிள்ளைகளை உயரவரிசையில் நிறுத்தியபோது மூன்றாவதாக நின்றவளுக்கு மூன்றாவது கேள்வியைக் கொடுத்தார். அதில் துளி கெட்ட எண்ணம் இல்லை. எந்த எண்ணமும் இல்லை. பொன்னுத்துரையின் தங்கை என்பது ஒரு செய்தி, மூன்றாவது உயரம் என்பது ஒரு செய்தி, இரண்டும் அவருக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

"தெரியலம்மா" என்றார்.

வகுப்பு எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. சாரோன் கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். தங்கபுஷ்பம் உள்ளே போய்விட்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவர் தேவபிச்சை ஐயரிடம் போய், வகுப்பின் பாடத்திட்டத்தை மாற்றப் போவதாகச் சொன்னார். பெஞ்சு வேண்டாம், எல்லாரும் பாயில் வட்டமாக உட்காரட்டும். பதில் படிக்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களாகக் கேட்க ஆசைப்படுவதைக் கேட்கட்டும், அதிலிருந்து வேதத்துக்குப் போகலாம்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைக கேள்வி கேட்டா பதில் யாருவே சொல்லுவா? நீரா?"

"தெரிஞ்சதச் சொல்லுதேன் ஐயா. தெரியாதத உங்ககிட்ட கொண்டு வாரேன்."

"எனக்கும் தெரியலன்னா?"

ஐயர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"ஒரு தடவ பேராயர் முன்னால என் மானத்த வாங்கினீரு. போகட்டும், தெரியாம நடந்தது. இப்ப தெரிஞ்சே வாங்கப் போறேங்கீரு." ஐயர் சிரிக்க முயன்றார். "சரி, கிறிஸ்மஸ் பண்டிகை முடிஞ்சதுலேர்ந்து கோடை லீவு முடிய நடத்திப் பாரும். பிள்ளைக தங்கலன்னா வகுப்ப வேற ஆள்ட்ட குடுத்துருவேன். வருத்தப்படக் கூடாது."

அந்த வகுப்பு போனால் தனக்கு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும் என்பது ஏசுவடியானுக்குத் தெரியும். ஐயருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

பண்டிகை முடிந்து வந்த முதல் ஞாயிறு, ஆலயத்தின் பின்கூடத்தில் பாய் விரித்தார். பிள்ளைகள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டத்திலும் உயரவரிசைதான். "உங்களுக்கு என்ன கேக்கணும்னு இருக்கோ கேளுங்க" என்றார். தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து நெட்டையான ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

"பரீட்சை கிடையாதுடா."

"அப்ப எதுக்கு சார்?"

"ஏலே, வேற கேளு."

"சினிமா பாக்கலாமா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். இது நல்ல ஆரம்பம் என்று ஏசுவடியான் சந்தோஷப்பட்டு, அதையே எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோதுதான், பார்க்கலாமா கூடாதா என்பதைத் தான் சொல்லவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பிள்ளைகளுக்கு அது அதற்கு முன்பே உறைத்திருந்தது.

இந்த இடத்தில் அவரை உயர்த்திச் சொல்ல முடியாது. கேள்வி கேட்கச் சொன்னாரே தவிர, கேள்வியை வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் மௌனமாக இருந்தால் பயந்துபோய்த் தானே பேசினார். ஒருத்தி ஏதாவது தயங்கிச் சொல்ல வந்தால், அவள் முடிப்பதற்குள் ஒரு வசனத்தை எடுத்து அதன்மேல் வைத்து மூடினார். பழைய பழக்கம் கையை விட்டுப் போனாலும் வாயை விட்டுப் போகவில்லை. பதில்கள் இருந்த காலத்தில் அவரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய ஒரு காரியம் இருந்தது. அதை எடுத்துவிட்டு அவர்கள் நடுவில் வைக்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

தாய் தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். ஒரு ஆசிரியர் வீட்டம்மா ஆலய வாசலிலேயே கேட்டுவிட்டாள்: "என்ன சார், நீங்க சொல்லிக் குடுப்பீகன்னு பிள்ளைய அனுப்பினா, நீங்க பிள்ளைட்ட கேக்கீகளாமே?" அதே சமயம் புளியங்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர், சின்னப் பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளியில் துணிப்பலகை வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். பலகையில் விரித்த துணிமேல் படகு, மீன், ஆட்டுக்குட்டி என்று படங்களை ஒட்டுவார், அவை விழாமல் நிற்கும். பெரிய பிள்ளைகளும் அதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பாயில் ஆள் குறைந்தது. கோடை வந்தபோது இரண்டு மூன்று பேர்தான். அவர்களும் வீட்டில் விரட்டுவதால் வந்தவர்கள்.

தங்கபுஷ்பம் ஒரு நாளும் வரவில்லை. திட்டத்தை மாற்றியது அவளுக்காகத்தான் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? ஏசுவடியானும் சொல்லவில்லை. தனியாக இருக்கிற ஓர் ஆண் ஒரு வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். கிளினிக்குக்குப் போகிற வழியில் அவளைச் சில நாள் பார்ப்பார். "வாம்மா" என்று மட்டும் சொல்வார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

அவள் கேள்வியைச் சுமந்துகொண்டு அவர் திரிந்தார். இரவு சோற்றுச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். மீறினானா, இல்லையா. மீறினான் என்றால் அதோடு முடிந்துவிடும், இல்லை என்றாலும் முடிந்துவிடும். இரண்டில் எதைச் சொன்னாலும், பொன்னுத்துரை தன்னிடமிருந்து விலகி ஒரு பதிலுக்குள் போய்ப் படுத்துக்கொள்வான் என்று அவருக்குப் பட்டது. ரத்தினபாயையும் அப்படித்தான் ஒரு பதிலுக்குள் வைத்திருந்தார். அவள் இறந்த அன்று ஐயர் சொன்ன ஆறுதல் வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டார். யார் கேட்டாலும் அதையே சொன்னார். நாளாக ஆக யாரும் கேட்கவில்லை. அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார்.

லீவின் கடைசி ஞாயிறு. பாயை விரித்துவிட்டு ஏசுவடியான் உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளையும் வரவில்லை. பக்கத்துக் கூடத்திலிருந்து துணிப்பலகை டீச்சரின் பாட்டு கேட்டது. பாட்டு முடிந்து அந்தப் பிள்ளைகளும் கலைந்து போனார்கள். பாயைச் சுருட்டலாம் என்று எழுந்தபோது வாசலில் சாரோன் நின்றாள், அவளுக்குப் பின்னால் தங்கபுஷ்பம்.

"வகுப்பு முடிஞ்சிட்டுதா சார்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா. இரிங்க."

மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். அவர் வழக்கம்போல எதையாவது பேச ஆரம்பித்திருப்பார். அதற்குள் தங்கபுஷ்பம் கேட்டாள்:

"சார், உங்க வீட்ல அவுக செத்தப்ப நீங்க என்ன நெனச்சீக?"

மனப்பாடம் செய்திருந்த வார்த்தை நாக்குவரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் அவர் சொன்னது அவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். "கடவுள்ட்ட பேசக் கூடாதுன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் பேசல. பெறகு பேசுத மாதிரி நடிச்சேன். அது பழகிட்டு."

சாரோன் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "எம் மவன் மீறுனானா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாம் சார். இவதான் அதப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. அவன் பேரச் சொல்லி ஒருக்க ஜெபம் பண்ணுவீகளா? இந்தக் கட்டடத்துக்குள்ள அவன் பேர யாரும் சொல்லல."

மரித்தவர்களுக்காக ஜெபிப்பது அந்தச் சபையின் முறை அல்ல. அச்சடித்து வந்த தாளில் அதுவும் ஒரு கேள்வி. பதினோராவது இடம். கூடாது என்ற பதிலை அவரே ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஏசுவடியான் கண்ணை மூடினார். தறிச் சத்தத்துக்காகக் குரலை உயர்த்தித்தான் ஆரம்பித்தார். "ஆண்டவரே, பொன்னுத்துரை" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும், "பொன்னுத்துரை எங்க இருக்கான்?" என்றார். அது ஜெபம் மாதிரி இல்லை. கோடையில் தினமும் அந்த நேரத்துக்குக் கரண்ட் போகும். அன்றும் போயிற்று. தெரு முழுக்கத் தறிகள் நின்றன. அந்த அமைதியில் அவர் குரல் தனியாக, தேவைக்கு மேல் உரக்க ஒலித்தது. அவர் குறைத்துக்கொள்ளவில்லை. "அவன உமக்குத் தெரியும். எங்களுக்குச் சரியாத் தெரியாது. நாங்க கேக்கல. அவன் இருந்தப்பயும் கேக்கல. ரத்தினபாயும் அங்கன இருந்தா..." அதோடு நின்றுவிட்டார். ஆமென் என்று தங்கபுஷ்பம்தான் சொன்னாள்.

கண்ணைத் திறந்தபோது தேவபிச்சை ஐயர் வாசலில் நின்றிருந்தார். பக்கத்துக் கூடத்தைப் பூட்ட வந்தவர். சாரோனையும் மகளையும் பார்த்து, "போய்ட்டு வாங்கம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர்கள் போன பிறகு உள்ளே வந்தார்.

"நான் செய்யாதத நீரு செஞ்சிட்டீரு."

"நான் ஒண்ணும் செய்யல ஐயா. கேட்டேன்."

"அதத்தான் சொல்லுதேன்" என்றார் ஐயர். பாயின் மறு முனையைப் பிடித்து அவரே சுருட்டவும் செய்தார்.

அடுத்த ஞாயிறு முதல் வாலிபர் வகுப்பு அந்த டீச்சர் கைக்குப் போயிற்று. பெஞ்சு மறுபடியும் வந்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் தங்கபுஷ்பத்துக்குப் பனவடலிசத்திரம் பக்கத்தில் கல்யாணமாகி, சாரோனும் மகளோடு போய்விட்டாள். திடப்படுத்தல் அவளுக்கு அங்கே நடந்ததா என்று தெரியவில்லை. பொன்னுத்துரையின் குழி சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. அன்று நடந்ததால் எதுவும் மாறியது என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஏசுவடியானுக்கு மட்டும் ஒரு வேலை மிஞ்சியது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஆலய வாசலில் வந்து நிற்பார். டீச்சர் வெளியே வந்ததும் கேட்பார்: "இன்னைக்கு யாரு வரல டீச்சர்?" தன் வகுப்பைக் குறை பார்க்க வருகிறார் என்று டீச்சர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, பைத்தியம் என்று நினைத்தோ என்னவோ, பெயரைச் சொல்லிவிட ஆரம்பித்தார். ஏசுவடியான் அந்த வீட்டுக்கு நடந்து போவார். 1986இல் நடக்க முடியாமல் போகும்வரை போய்க்கொண்டிருந்தார்.

முக்கால்வாசி வீட்டில் காரணம் ஒன்றும் இருக்காது. "அவன் சும்மா தூங்குதான் சார், எழுப்பவா?" என்பார்கள்.

"வேண்டாம், தூங்கட்டும்" என்பார். கொடுத்த தண்ணீரைக் குடிப்பார். ஒருவேளை எழுந்துவிடுவானோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பி நடப்பார்.